பெரட்டு முடியுமுன் புறப்பட்ட துடிப்புகள்

என் தங்கை ஷிரோமி இதுவரை வென்றவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். எதுவும் விடுபடக் கூடாது என்று குறிப்பெழுதும் கொப்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

சாதாரண தரப் பரீட்சையில் கணிதம், மூன்றாம் தடவை. முதல் இரண்டு தடவையும் பரீட்சை நாளன்று பசறை வீதியில் மண் சரிந்து, பாதி வழி நடந்து, பாதிப் பரீட்சைதான் எழுதினாள். பிறகு தொழில்நுட்பக் கல்லூரியின் மின்னணுவியல் வகுப்பில் ஓர் இடம். முப்பத்திரண்டு பேரில் பெண் அவள் ஒருத்தி, தோட்டத்து லயத்திலிருந்து போனவளும் அவள் ஒருத்தி. அதே கல்லூரியின் பழைய சாமான் ஏலத்தில் ஓரம் உடைந்த ஒசிலோஸ்கோப் ஒன்று. மற்ற எல்லாரும் அதைப் பழுதான டிவி என்று நினைத்துக் கையைக் கட்டிக்கொண்டு நின்றதால் கிடைத்தது. அந்தோனியார் திருவிழாச் சீட்டிழுப்பில் ஒரு சேவல். அது வீட்டுக்கு வந்த அன்றே அப்பாவைக் கொத்தியது. பதுளையில் அஸீஸ் முதலாளியின் மின்சாமான் கடையில் ஜன்னலோர வேலை மேசை. அதற்கு முன் இரண்டு வருடம் கவுண்டரில் நின்று பல்பு விற்றாள். கடைசியாக, ஒரு கையெழுத்து.

சேவலைத் தவிர வேறு எதுவும் அதிர்ஷ்டத்தில் வந்ததில்லை. நான் எழுத உட்கார்ந்தது அந்தக் கையெழுத்தைப் பற்றி.

நாங்கள் லுணுகலைக்கு மேலே இருக்கும் சேம்போடைத் தோட்டத்துக்காரர்கள். நான் மூத்தவள், செபஸ்தியம்மா. ஷிரோமி எனக்குப் பதினான்கு வருடம் இளையவள். நான் எட்டாம் வகுப்போடு நின்று, இப்போது பத்தொன்பது வருடமாகப் பிள்ளை மடுவத்தைப் பார்த்துக்கொள்கிறேன். தாய்மார் மலையில் கொழுந்து எடுக்கும் நேரம் கைப்பிள்ளைகள் என்னிடம் இருப்பார்கள். யார் எத்தனை அவுன்ஸ் பால் குடித்தார்கள், யார் எப்போது தூங்கினார்கள், கரண்டு எத்தனை மணிக்குப் போய் எத்தனை மணிக்கு வந்தது, எல்லாவற்றையும் கொப்பியில் எழுத வேண்டும் என்பது விதி. அந்தக் கொப்பியை இதுவரை ஒருவரும் வாங்கிப் பார்த்ததில்லை. நான் ஒரு நாளும் எழுதாமல் விட்டதும் இல்லை.

2024ஆம் ஆண்டு, பிள்ளை மடுவங்களுக்கு உதவி செய்கிற சங்கம் ஒன்று, பத்தொன்பது மடுவங்களுக்குப் பெட்டரிப் பெட்டி செய்து தரும்படி அஸீஸ் முதலாளியிடம் கேட்டது. கரண்டு இருக்கும்போது பெட்டி பெட்டரியை நிரப்பும். கரண்டு போனால் விளக்குக்கும், பால் வைக்கிற குட்டிப் பிரிட்ஜுக்கும் பெட்டரியிலிருந்து கொடுக்கும். அதற்குள் இருக்கும் மின்சுற்றை வரைந்தவள் ஷிரோமி. ஈயம் வைத்து ஒட்டியவள் ஷிரோமி. சோதித்தவள் ஷிரோமி. பெட்டியோடு போகும் தாளில் ‘பரிசோதித்தவர்’ என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டவர் மட்டும் ஷப்ராஸ். அவர் முதலாளியின் தங்கை மகன், கடையில் பதினோரு வருடம் வேலை செய்கிறவர்.

ஒருமுறை முதலாளியிடம் இதைக் கேட்டேன்.

“தங்கச்சி, உங்கட தங்கச்சிட வேலையில ஒரு குறையும் இல்ல,” என்றார். “ஆனா பொம்புளப் புள்ளட கையெழுத்தைக் கண்டா தோட்டத்து ஒபிஸ்காரங்க தாளைத் திருப்பித் திருப்பிப் பாப்பாங்க. ஷப்ராஸ்ட கையெழுத்து கோழி கிளறின மாதிரி. யாருக்கும் வாசிக்க ஏலா. அதனால ஒருத்தரும் கேள்வி கேக்க மாட்டாங்க.”

முதல் பெட்டி எங்கள் மடுவத்துக்கே வந்தது. மாட்டிய அன்றே வெடித்தது: 2024 ஒக்டோபர் 22, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் 2.05. கொப்பியில் இப்படி இருக்கிறது: ‘விளக்கு சிவந்தது. டப் என்று சத்தம். பெட்டியிலிருந்து மீன் கருகிய வாசம். பதினேழு பிள்ளைகளில் பதினாறு பேர் தூக்கம். நல்லம்மாவின் மகன் மட்டும் எழுந்து சிரித்தான்.’

பத்து நாளுக்குள் இன்னும் இரண்டு தோட்டங்களில் அதே டப்.

நவம்பர் 4ஆம் திகதி சங்கத்து அதிகாரி றோய் சேர் கடைக்கு வந்தார். செத்துப்போன மூன்று பெட்டிகளையும் மேசை மேல் வரிசையாக வைத்தார். மூன்றிலும் ஒரே சாமான் வெடித்திருந்தது. மூன்று கால் வைத்த கறுப்புச் சில்லு, மொஸ்பெட் என்பார்கள். அது மின்சாரத்துக்கு ஒரு கதவு மாதிரி. கட்டுப்படுத்துகிற சிப்பு ஒரு துடிப்பு அனுப்பினால் திறக்கும், துடிப்பு நின்றால் மூடும். ஒரு நொடிக்குள் பல்லாயிரம் தடவை இப்படி நடக்கிறது என்று ஷிரோமி சொன்னபோது நான் நம்பவில்லை. இப்போது நம்புகிறேன்.

“இது தோட்டத்து ஆக்கள்ட வேலை,” என்றார் ஷப்ராஸ். “பெட்டியில தண்ணி சுடுற கேத்தலை மாட்டியிருப்பாங்க.”

“எங்க அக்காவோட மடுவத்துலயா?” என்று கேட்டாளாம் ஷிரோமி. “ஷப்ராஸ் நானா, எங்க அக்கா பிள்ளைங்க தும்முறதையே நேரம் போட்டு எழுதுறவ. கேத்தலை மாட்டியிருந்தா கேத்தலோட நிறத்தையும் எழுதியிருப்பா.”

றோய் சேர் சிரித்தார். ஆனால் சொல்ல வந்ததைக் கண்டிப்பாகச் சொன்னார். நவம்பர் 19ஆம் திகதி அவர் சேம்போடைக்கு வருவார். அவர் கண் முன்னால் ஒரு பெட்டி வேலை செய்ய வேண்டும். வெடித்தால் மிச்ச வேலை முழுவதும் கொழும்புக் கொம்பனி ஒன்றுக்குப் போய்விடும்.

அவர் போன பிறகு முதலாளி மெதுவாகச் சொன்னாராம்: “மகள், இது கைவிட்டுப் போனா ஜன்னல் மேசைக்கு வேலை இல்ல. நீங்க திரும்பக் கவுண்டருக்குத்தான் வரணும்.”

கவுண்டர் என்றால் பல்பு. பல்பை மாட்டிக் காட்டு, எரிகிறதா, கழற்று, பொதி செய். இரண்டு வருடம் அதையே செய்தவள் அவள். அன்று மாலை போனில் என்னிடம் வேறு எதுவும் சொல்லவில்லை. “அக்கா, பல்பு,” என்றாள். அவ்வளவுதான்.

அடுத்த நான்கு நாளும் அவள் ஒரு புதுப் பெட்டியை மேசையில் வைத்துப் போட்டுப் போட்டுப் பார்த்தாள். உடைந்த ஒசிலோஸ்கோப்பின் கம்பியை மொஸ்பெட்டின் வாசலில் கொளுவினாள். துடிப்புகள் அதில் பச்சைக் கோடாகத் தெரியும். நல்ல பெட்டியில் கரண்டைப் போட்டதும் முதலில் ஒல்லியான துடிப்பு வரும், பிறகு கொஞ்சம் அகலமானது, பிறகு இன்னும் அகலமானது. இப்படி மெதுவாகத்தான் தொடங்க வேண்டும். எடுத்த எடுப்பிலேயே அகலத் துடிப்பு வந்தால் கதவு திறந்தபடியே நின்று, மின்சாரம் மொத்தமாகப் பாய்ந்து மொஸ்பெட் வெடிக்கும். அவளுக்கு அது தெரியும். அப்படி ஒரு துடிப்பு எங்கிருந்தோ வருகிறது என்றும் தெரியும். ஆனால் மேசையில் அது வர மாட்டேன் என்றது. நூற்று நாற்பத்திரண்டு தடவை போட்டாள். நூற்று நாற்பத்திரண்டு தடவையும் ஒல்லி, கொஞ்சம் அகலம், இன்னும் அகலம். முதல் பூசைக்குப் போகிற பிள்ளைகள் மாதிரி அழகாக வரிசையில் வந்தன.

“டொக்டரம்மா, நோயாளி நல்லா ஈக்கிறார்,” என்று ஒவ்வொரு தடவையும் ஷப்ராஸ் பெட்டியைத் தட்டிவிட்டுப் போனார்.

எட்டாம் திகதி வெள்ளிக்கிழமை மத்தியானம், பிள்ளைகள் தூங்கிய பிறகு அவளுக்குப் போன் எடுத்தேன். ஆறுதல் சொல்லத்தான் எடுத்தேன். எனக்கு ஆறுதல் சொல்ல வராது. ஆகவே கொப்பியை வாசித்தேன்.

“இருபத்திரெண்டாந் திகதி, ரெண்டு அஞ்சு. விளக்கு சிவந்திச்சு. டப்புன்னு…”

“இரு இரு. விளக்கு சிவந்திச்சா?”

“தினமும்தான் சிவக்குது. பகல் கொழுந்து ஸ்டோருக்குப் போனதும் வாட்டுற விசிறியப் போடுறாங்கல்ல? ஒவ்வொரு விசிறிக்கும் நம்ம லயத்துல பல்பெல்லாம் தக்காளி மாதிரி சிவந்து, அப்புறம் வெள்ளையாகும். நீ சின்னப் பிள்ளையில பாத்ததுதானே?”

தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்போம். பச்சைக் கொழுந்தை வாட்டுகிற பெரிய விசிறிகள் அங்கே ஓட ஆரம்பிக்கும் நேரம், அதே லைனில் இருக்கிற எங்களுக்குக் கரண்டு சோர்ந்துபோகும். இது தோட்டத்தில் பிறந்த எல்லாருக்கும் தெரியும். பதுளைக் கடையில் ஒருவருக்கும் தெரியாது. ஷிரோமிக்குத் தெரிந்துதான் இருந்தது. பத்து வருடம் டவுனில் இருந்ததில் மறந்துவிட்டாள்.

“மத்த ரெண்டு மடுவமும்?” என்று கேட்டாள்.

“விசாரிச்சுட்டேன். ரெண்டும் ஸ்டோரு லைன்தான். ஒண்ணுல ரெண்டு இருபது, இன்னொண்ணுல மணி பாக்கலையாம், ஆனா பிள்ளைங்க தூங்கினதுக்கு அப்புறம்.”

“எவ்வளவு நேரம் சிவக்கும்? நல்லா யோசிச்சுச் சொல்லு.”

“யோசிக்க என்ன இருக்கு? எழுதி வச்சிருக்கேன். அஞ்சு கரண்டி.”

இதை விளக்க வேண்டும். மடுவத்தில் பால்மா கலக்கும்போது நான் ‘ஒரு கரண்டி, ரெண்டு கரண்டி’ என்று சத்தமாக எண்ணுவேன். ஒரு கரண்டிக்கு ஒரு நொடி. மணிக்கூட்டோடு ஒத்துப் பார்த்திருக்கிறேன், நூறு கரண்டிக்கு ஒரு நொடிதான் பிசகு.

அவள் ஐந்து வரை மெல்ல எண்ணிப் பார்ப்பது போனில் கேட்டது.

“அக்கா,” என்றாள் பிறகு. “நான் ஒவ்வொரு தடவையும் அணைச்சிட்டு அறுபது எண்ணுறேன்.”

“எண்ணணும்தானே. சத்தியம் பண்ணிருக்க.”

“அதான் அக்கா பிரச்சினை!”

அந்தச் சத்தியம் 2019இல் நடந்தது. லீவுக்கு வந்த நேரம் வீட்டில் ஒரு பழைய டிவியைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தாள். சுவிட்சை அணைத்துவிட்டோம் என்ற தைரியத்தில் உள்ளே கையை விட்டாள். உள்ளே கொண்டென்சர் என்று ஒரு சாமான் இருக்கிறது, கரண்டு போன பிறகும் கொஞ்ச நேரம் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். அது அவளைத் தூக்கிச் சோற்றுப் பானை மேல் போட்டது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, பானை நெளிந்தது. நான் அன்றே அந்தோனியார் படத்தின் மேல் அவள் கையை வைக்கச் செய்தேன். இனி எதை அணைத்தாலும் அறுபது எண்ண வேண்டும், பிறகு ஒரு பல்பை வைத்து மிச்ச மின்சாரத்தை வடிக்க வேண்டும், அதுவரை சுவிட்சையும் தொடக் கூடாது, கம்பியையும் தொடக் கூடாது. ஐந்து வருடமாக ஒரு தடவை கூட மீறவில்லை. கடையில் அந்த வடிக்கிற பல்புக்கு ‘அந்தோனியார் பல்பு’ என்றே பெயர்.

ஆகவே அவள் மேசையில் பெட்டி ஒவ்வொரு தடவையும் முழுதாகச் செத்து, முழுதாகப் பிறந்தது. சேம்போடையிலோ ஐந்து கரண்டி நேரம் மயங்கி எழுந்தது. இந்த இரண்டாவதை அவள் ஒரு தடவையும் செய்து பார்த்ததில்லை, நான் செய்ய விடாததால்.

“சத்தியத்தைத் திருப்பித் தா அக்கா,” என்றாள்.

“போன்லயா? படத்து மேல பண்ணினது. படத்து மேலதான் திருப்பணும்.”

பத்தாம் திகதி ஞாயிறு, காலைப் பூசை முடிந்ததும் சுவரிலிருந்து அந்தோனியாரைக் கழற்றித் துவாயில் சுற்றிக்கொண்டு பதுளை பஸ் ஏறினேன். வீட்டுப் படம் சின்னப் படம் இல்லை. அப்பா திருமணமான வருடம் வாங்கியது, சட்டத்தோடு என் இடுப்பளவு வரும். பஸ்ஸில் நிற்க இடமில்லாத கூட்டம். ஒரு அம்மா துவாயை விலக்கிப் பார்த்துவிட்டு எழுந்து அந்தோனியாருக்கு இடம் கொடுத்தார். எனக்குக் கொடுக்கவில்லை. பசறை வரை அந்தோனியார் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து வந்தார், நான் கம்பியைப் பிடித்து நின்று வந்தேன்.

“அக்கா, சாமி எங்க இறங்குவாரு?” என்றார் கொண்டக்டர்.

“பதுளை. கடையில வேலை இருக்கு.”

ஞாயிறு கடை பூட்டு. முதலாளி இதற்காகவே வந்து திறந்து வைத்திருந்தார். ஷப்ராஸும் வந்திருந்தார், வேடிக்கை பார்க்கத்தான். நான் படத்தோடு வாசலில் தயங்கி நின்றேன். முஸ்லிம் ஆட்களின் கடைக்குள் எப்படிக் கொண்டுபோவது என்று எனக்குக் கூச்சம்.

“ஏன் தங்கச்சி வெயில்ல நிக்கிறீங்க? அவரையும் உள்ளுக்குக் கூட்டிட்டு வாங்க,” என்றார் முதலாளி. தானே ஒரு கதிரையைத் துடைத்துப் போட்டார்.

படத்தைக் கதிரையில் சாய்த்து வைத்தேன். ஷிரோமி கையை வைத்தாள். நான் சொன்னேன்: “அந்தோனியாரே, இன்னைக்கு ஒரு நாள் மட்டும். சுவிட்சுக்கு மட்டும். அதுவும் சுவிட்சை நான்தான் போடுவேன், இவ ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கிட்டு நிக்கணும். அந்தப் பெரிய மொஸ்பெட்டுக்குப் போற கரண்டைக் கழட்டி வைக்கணும்.”

“கழட்டிட்டேன்,” என்றாள் ஷிரோமி. “சிப்புக்கு மட்டும்தான் கரண்டு. வெடிக்க ஒண்ணுமில்ல.”

“காட்டு.”

காட்டினாள். கழற்றிய கம்பியை என் கையில் கொடுக்கச் சொன்னேன். கொடுத்தாள். அதை என் கைப்பைக்குள் போட்டு மூடினேன்.

“யா அல்லாஹ்,” என்றார் ஷப்ராஸ். “கொழும்புக் கொம்பனியில கூட இவ்வளவு பாதுகாப்பு இல்ல.”

பிறகு ஆரம்பித்தோம். நான் அணைத்தேன். “ஒரு கரண்டி.” போட்டேன். ஷிரோமி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, திரையில் மூக்கு முட்டும்படி குனிந்து ஒசிலோஸ்கோப்பைப் பார்த்தாள். ஒன்றும் மாறவில்லை, சிப்பு கண்ணே மூடவில்லை. இரண்டு கரண்டி. அதேதான். அணைத்தேன். “ஒரு கரண்டி, ரெண்டு கரண்டி, மூணு கரண்டி.” போட்டேன்.

பச்சைக் கோடு சுவர் மாதிரி எழுந்து நின்றது.

ஒல்லித் துடிப்பு இல்லை, கொஞ்சம் அகலம் இல்லை. எடுத்தவுடனே பெட்டிகள் அடுக்கின மாதிரி அகல அகலமாக ஏழு துடிப்பு. ஷிரோமி கத்திய கத்தில் எதிர்க் கடைப் புறா எல்லாம் பறந்தன. அவள் குதிக்கப் பார்த்தாள். கை பின்னால் கட்டியிருந்ததால் குதிக்கத் தெரியாமல் இடுப்பை மட்டும் ஆட்டினாள்.

“வந்திருச்சு! வந்திருச்சு! அக்கா, மறுபடி! நாலு கரண்டி!”

நான்கிலும் வந்தது. ஐந்திலும் வந்தது. பதினொன்று வரை வந்தது. பன்னிரண்டு கரண்டியில் நின்றுவிட்டது, ஒல்லித் துடிப்பு ஒழுங்காக வரிசையில் நின்றது. நான் சந்தேகத்துக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினேன். ஷப்ராஸ் என் எண்ணிக்கையைக் கைப்போனில் நேரம் பிடித்துப் பார்த்தார். “இந்த அக்கா மணிக்கூட்டை முழுங்கியிருக்கிறா மாமா,” என்றார். முதலாளி பிளேன் டீ போட எழுந்தவர் கேத்தலைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

“அந்தக் கேத்தலைப் பெட்டியில மாட்டிராதீங்க முதலாளி,” என்றாள் ஷிரோமி. ஷப்ராஸின் முகம் போன போக்கை நான் கொப்பியில் எழுதவில்லை. எழுத வார்த்தை கிடைக்கவில்லை.

பிறகு அவள் எனக்கு விளங்கப்படுத்தினாள். மற்ற இருவரும் பக்கத்திலேயே நின்று கேட்டார்கள்.

“அக்கா, காலையில பெரட்டுல என்ன நடக்கும்?”

“பேரு வாசிப்பாங்க. வாசிச்சு ஒவ்வொருத்தரா மலைக்கு அனுப்புவாங்க.”

“அனுப்பினதை எங்க எழுதுவாங்க?”

“செக்ரோல்ல.”

“சரி. இந்தச் சிப்புதான் கங்காணி. இந்தா, மிளகு மாதிரி இருக்குதே ஒரு கொண்டென்சர், அதுதான் செக்ரோல். அது மெதுவா நிரம்புற அளவுக்குத்தான் கங்காணி ஆளை அனுப்புவாரு. முழுசாத் தூங்கி எந்திரிச்சா செக்ரோல் வெறுமையா இருக்கும், ஒழுங்கா முதல் பேருலருந்து வாசிப்பாரு. அஞ்சு கரண்டி நேரம் கண்ணசந்து எந்திரிச்சா செக்ரோல்ல பழைய பேரெல்லாம் அப்படியே இருக்கும். ‘அட, பெரட்டு முடிஞ்சிருச்சே’ன்னு நினைச்சு எல்லாரையும் ஒரேயடியா மலைக்கு ஏத்திருறாரு.”

“எங்கட கடையில கங்காணி வேறயா?” என்றார் ஷப்ராஸ். ஆனால் குனிந்து அந்த மிளகைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: “அப்ப, கண்ணசந்த உடனே செக்ரோலைப் பறிச்சு அழிக்க ஒரு ஆள் போடணும்.”

“அதேதான் நானா!”

அந்த ஆள் அரிசியளவு டிரான்சிஸ்டர். கரண்டு சோர்ந்தவுடன் அது விழித்து அந்த மிளகை வடித்துவிடும். அதோடு, சிப்பு தெளியும் வரை மொஸ்பெட்டின் வாசல் தானாகத் திறந்துவிடாமல் இழுத்துப் பிடிக்க ஒரு சின்ன ரெசிஸ்டரும் போட்டாள். ஒட்டுவதற்கு முன் அறுபது எண்ணி, அந்தோனியார் பல்பை வைத்து வடித்தாள். நான் கேட்காமலேயே செய்தாள். ஒட்டி முடிந்ததும் மறுபடி நான் சுவிட்சில் நின்றேன். ஒன்றிலிருந்து இருபது கரண்டி வரை, ஒவ்வொன்றும் மூன்று தடவை, மொத்தம் அறுபது. அறுபதிலும் ஒல்லி, கொஞ்சம் அகலம், இன்னும் அகலம். கடைசித் தடவை வந்தபோது நால்வரும் சேர்ந்து “ஒல்லி!” என்று கத்தினோம். வீதியில் போன ஒருவர் தன்னைத்தான் சொல்கிறோம் என்று நின்று முறைத்துவிட்டுப் போனார்.

போகும் முன் சத்தியத்தைத் திரும்பப் போட்டுக்கொண்டோம். முன்னையதை விட இறுக்கமாக.

பத்தொன்பதாம் திகதி பகல் ஒன்றரைக்கு எல்லாரும் சேம்போடை மடுவத்துக்கு வந்துவிட்டார்கள். றோய் சேர், முதலாளி, ஷப்ராஸ், புதுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஷிரோமி. பெட்டியை மாட்டினாள். பச்சை விளக்கு எரிந்தது. பிள்ளைகள் பதினைந்து பேர், எல்லாரும் தூக்கம். ஆகவே எல்லாரும் குசுகுசுவென்றே பேச வேண்டியிருந்தது.

இரண்டு மணி. விசிறி போடவில்லை. இரண்டு பத்து. பல்பு வெள்ளையாகவே எரிந்தது. காலையில் மழை பெய்ததில் கொழுந்து லொறி வளைவில் புதைந்துவிட்டது என்று ஓர் ஆள் வந்து சொன்னார்.

“பெட்டி வேலை செய்யுதுதானே,” என்று குசுகுசுத்தார் றோய் சேர், மணிக்கூட்டைப் பார்த்தபடி. “எனக்கு எல்ல டவுன்ல ஒரு கூட்டம் இருக்கு. நான் கிளம்பட்டுமா?”

அவர் போயிருந்தால் பெட்டி வென்ற மாதிரிதான் எழுதியிருப்பார். ஷப்ராஸ் கூட ஷிரோமியைப் பார்த்துத் தலையை ஆட்டினார், விட்டுவிடு என்று. ஷிரோமி கதவை மறித்து நின்றாள்.

“சேர், இது இன்னும் ஒண்ணும் செய்யலை. சும்மா எரியுது. விசிறி போட்டதுக்கு அப்புறம் பாத்துட்டுப் போங்க.”

“வெடிச்சா?”

“வெடிச்சா நான் பல்பு விக்கப் போறேன். ஆனா பாத்துட்டுத்தான் போகணும்.”

றோய் சேர் பிள்ளைகளின் குட்டி முக்காலி ஒன்றில் உட்கார்ந்தார். முழங்கால் காதைத் தொட்டது.

இரண்டு நாற்பதுக்குக் கீழே லொறியின் ஹோன் கேட்டது. மூன்று ஐந்துக்கு முதல் விசிறி. பல்பு சோர்ந்து, மஞ்சளாகி, தக்காளிச் சிவப்பானது. ஷிரோமி என் கையைப் பிடித்தாள். நான் என்னை அறியாமல் எண்ண ஆரம்பித்தேன், “ஒரு கரண்டி, ரெண்டு கரண்டி…” முதலாளியும் கூடவே உதட்டை அசைத்தார். ஐந்து கரண்டியில் வெளிச்சம் வந்தது. பெட்டி கிளிக் என்றது. பச்சை விளக்கு எரிந்தது.

இரண்டாம் விசிறி. சிவப்பு. ஐந்து கரண்டி. கிளிக். பச்சை.

மூன்றாம் விசிறி, நான்காம் விசிறி. மழை ஈரக் கொழுந்து என்பதால் அன்று ஆறு விசிறியும் போட்டார்கள். ஆறாவதுக்கு ஷப்ராஸ் ஒரு பிள்ளையின் தொட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றார். கிளிக். பச்சை. ஒருவருக்கும் கத்த முடியவில்லை, பிள்ளைகள் தூக்கம். ஐந்து பெரியவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு மடுவத்துக்குள் சத்தமில்லாமல் குதித்தோம். முதலாளியின் தொப்பி கழன்று பால் போத்தல்களுக்கு நடுவில் விழுந்தது. நல்லம்மாவின் மகன் எழுந்து எங்களைப் பார்த்தான். இந்தத் தடவை சிரிக்கவில்லை, பயந்து அழுதான்.

றோய் சேர் தாளை எடுத்து முழங்காலில் விரித்தார். ஷப்ராஸ் பழக்கத்தில் பேனாவின் மூடியைக் கழற்றினார். கழற்றியவர் பேனாவைப் பார்த்தார், பிறகு முதலாளியைப் பார்த்தார்.

“மாமா, நான் கேத்தல்னு சொல்லினவன்,” என்றார். “சோதிச்சது நான் இல்ல. இந்தா டொக்டரம்மா, பிடிங்க.”

முதலாளி றோய் சேரின் முகத்தைப் பார்த்தார். றோய் சேர் தாளை ஷிரோமியின் பக்கம் திருப்பி வைத்தார்.

“நான் போட்டா வாசிக்க முடியும் முதலாளி,” என்றாள் ஷிரோமி. “கேள்வி கேப்பாங்க.”

“கேக்கட்டும் மகள்,” என்றார் முதலாளி, தொப்பியிலிருந்த பாலைத் துடைத்தபடி. “பதில் சொல்ல ஆள் ஈக்குதே.”

அடையாள அட்டையிலும் வங்கிப் புத்தகத்திலும் அவள் போட்டவற்றை நான் கணக்கில் சேர்க்கவில்லை. அவை அவள் யார் என்று சொல்ல மட்டும் போட்டவை. தான் செய்த ஒன்றுக்குக் கீழே அவள் பெயரெழுதியது இதுதான் முதல் தடவை. பேனா முதலில் எழுதவில்லை, உதறினாள், றோய் சேரின் வெள்ளைச் சட்டையில் ஒரு நீலப் பொட்டு விழுந்தது. பிறகு குனிந்து, ஓர் எழுத்தும் கோணாமல், ‘மா. ஷிரோமி’ என்று எழுதினாள். நான் எட்டிப் பார்த்துச் சரி பார்த்தேன். பக்கத்தில் திகதி போட மறந்திருந்தாள். விரலை வைத்துக் காட்டினேன். போட்டாள்:

2024 நவம்பர் 19, செவ்வாய்க்கிழமை.